அண்ணி நடந்த தூரம்

டேப்பு இன்று ஒரு மரச்சாமான் கடையில் வேலை பார்க்கிறாள். புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கும் பழைய வீட்டை இடித்து மாற்றுகிறவர்களுக்கும் சமையலறை வரைந்து கொடுப்பது அவள் வேலை. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவியாளராக உட்கார்ந்திருக்க வேண்டியவள். கைக்கு வந்த அந்த இடம் எப்படி நழுவியது என்று எங்களோடு படித்தவர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பேராசிரியையோடு சண்டை போட்டாள் என்கிறாள் ஒருத்தி. கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டாள் என்கிறாள் இன்னொருத்தி. திமிர் என்பது பொதுக்கருத்து. நடந்தபோது பக்கத்தில் நூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். அதனால் என் பேச்சுக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு என்று நினைக்கிறேன்.

டேப்பு என்பது நாங்கள் வைத்த பெயர். அவளுடைய அப்பா தையல்காரர். வகுப்பு தொடங்கிய முதல் நாளே அப்பாவின் பழைய இஞ்சு டேப்பைப் பையிலிருந்து எடுத்து, தன் முழங்காலுக்கும் மேசையின் அடிப்பலகைக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்தாள். "இந்த பெஞ்சு மனுஷங்களுக்குச் செஞ்சதே இல்ல" என்று சத்தமாகச் சொன்னாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு ஒட்டிய பெயர், பட்டம் வாங்குகிற நாள் வரை உரியவில்லை.

எங்கள் துறையின் வாசலில் 'குடும்ப, நுகர்வோர் அறிவியல் துறை' என்று பெரிய பலகை மாட்டியிருந்தார்கள். அதற்கு முன்னால் மனையியல் என்று இருந்ததாம். பலகை மாறியதே தவிர, அலுவலகத்தில் கட்டணம் கட்டப் போனால், "சமையல் கோர்ஸா? அந்தப் பக்கம் நில்லுங்க" என்றுதான் சொல்வார்கள். உறவுக்காரர்களும் விடமாட்டார்கள். "சோறாக்கறதுக்கு மூணு வருஷமா?" என்று கேட்ட என் சித்தப்பாவுக்கு வெந்நீர் வைக்கக் கூடத் தெரியாது. நாங்கள் உண்மையில் படித்தது வேறு. துணியின் நுனியைப் பற்றவைத்து, எரிகிற வாடையை வைத்து அது பருத்தியா பட்டா நைலானா என்று சொல்லுவோம். டீக்கறை, மைக்கறை, எண்ணெய்க்கறை ஒவ்வொன்றையும் நாங்களே போட்டு நாங்களே எடுப்போம். துறை நடத்துகிற மழலைப் பள்ளியில் ஓரமாக உட்கார்ந்து, பிள்ளைகள் ஒரு பொம்மைக்காக எப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்போம். ஒரு சோப்புக் கம்பெனி பெட்டியின் மேல் எழுதியிருப்பதில் எவ்வளவு புளுகு என்று கண்டுபிடிப்போம். எனக்கு இதிலெல்லாம் பெரிய ஈடுபாடு கிடையாது. வருகைப்பதிவில் தொல்லை இல்லாத துறை என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தவள் நான்.

டேப்பு அப்படி இல்லை. அவளுக்கு வீடு வரைய ஆசை. கட்டடக்கலை படிக்கத்தான் விண்ணப்பம் போட்டாள். மதிப்பெண் காலை வாரிவிட்டது. இங்கே இரண்டாம் ஆண்டில் 'வீட்டமைப்பும் வேலை எளிமையும்' என்று ஒரு பாடம் இருப்பதைப் பாடத்திட்டத்தில் பார்த்து, அதற்காகவே வந்து சேர்ந்தாள். முன்வாசல் வழியாக விடாத வீட்டுக்குள் பக்கவாட்டு ஜன்னல் வழியாக ஏறிக் குதிக்கிற மாதிரி. அந்தப் பாடம் வருகிற வரைக்கும் கறையும் சோப்பும் அவளுக்குப் பொறுமைச் சோதனை.

அவளைப் படிக்க வைத்தது அண்ணனும் அண்ணியும். அண்ணன் பிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். நல்ல மனிதர், ஆனால் வீட்டுக்கு வந்ததும் நாற்காலியோடு நாற்காலியாக ஆகிவிடுவார். அப்பாவுக்கு இடுப்பு வலி. ஹாலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும்தான் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்திருப்பார். அண்ணி அந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தபோது டேப்பு இன்னும் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். "இவ என்ன படிக்கணும்னு ஆசைப்படறாளோ அதைப் படிக்கட்டும், நடுவுல யாரும் வாயைத் திறக்க வேணாம்" என்று வீட்டில் சொன்னது அண்ணிதான். அண்ணி பேசினால் அப்பாவும் மறுபேச்சுப் பேச மாட்டார். ஆனால் அண்ணிக்கு அப்படிப் பேச வாய்ப்புத்தான் குறைவு. எப்போது பார்த்தாலும் நடந்துகொண்டிருப்பார்.

இறுதியாண்டு ஆய்வுத்திட்டம் வந்தது. இருவர் இருவராகச் செய்ய வேண்டும். டேப்பு என்னைத் தேர்ந்தெடுத்தாள். "நீ சோம்பேறி. குறுக்கே பேச மாட்டே" என்று காரணத்தையும் சொன்னாள். உண்மைதான், அதனால் நான் கோபித்துக்கொள்ளவில்லை.

அந்த ஆண்டு ஆய்வுத்திட்டத்துக்கு ஒரு தனி மவுசு இருந்தது. பல்கலைக்கழகம் ஊழியர்களுக்குப் புதிதாகக் குடியிருப்பு கட்டப்போகிறது. சமையலறை எப்படி இருக்க வேண்டும் என்று எங்கள் துறையிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள். சிறந்த சமையலறைத் திட்டம் அப்படியே அங்கே போகும். அதைச் செய்த மாணவி அந்த வேலைக்கே ஆராய்ச்சி உதவியாளராக எடுத்துக்கொள்ளப்படுவாள். வகுப்பில் கஞ்சி மேடம் இதைச் சொன்னபோது டேப்பின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கஞ்சி மேடம் எங்கள் பேராசிரியை. துணிக்குக் கஞ்சி போடுவது எப்படி என்று பாடம் நடத்தியவர், தானும் எப்போதும் மொடமொடவென்று இருப்பார்.

"என் முதல் கட்டடம்" என்றாள் டேப்பு, வெளியே வந்ததும்.

"கட்டடம் இல்லடி, அடுப்படி" என்றேன்.

"அடுப்படிதான் கட்டடம். மத்ததெல்லாம் உட்கார்ற இடம்."

அவள் எடுத்துக்கொண்டது நூல் முறை. ரொம்பப் பழைய முறை, இயந்திரம் எதுவும் வேண்டாம். சமையலறையின் வரைபடத்தை ஒரு பலகையில் ஒட்ட வேண்டும். அடுப்பு, கழுவும் தொட்டி, அலமாரி, கதவு என்று ஆள் நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு குண்டூசி குத்த வேண்டும். ஒருத்தி சமைப்பவரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, அவர் போகிற இடத்தை உரக்கச் சொல்ல வேண்டும். இன்னொருத்தி அந்த வரிசையில் குண்டூசிக்குக் குண்டூசி நூலை இழுத்துச் சுற்ற வேண்டும். சமையல் முடிந்ததும் நூலைப் பிரித்து அளந்தால், அவர் எவ்வளவு தூரம் நடந்தார் என்று தெரிந்துவிடும். இதற்கு ஒரு கட்டாய விதி உண்டு: அளக்கும்போது அளக்கப்படுகிறவரிடம் யாரும் பேசக்கூடாது, கூப்பிடக்கூடாது, உதவக்கூடாது, தடுக்கக்கூடாது. பேசினால் அந்த அளவு செல்லாது.

எந்த வீட்டை அளப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவர்கள் வீடு மாடியில். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான், ஆனால் அதில் வாசல் கிடையாது. சமையலறையிலிருந்து ஹாலுக்குப் போக, படுக்கையறைக்குள் நுழைந்து கட்டிலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கட்டியவர் சமைத்ததே இல்லை என்பது பார்த்த உடனே தெரியும். சமையலறையின் பின்கதவைத் திறந்தால் மாடிவாசிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு நீண்ட நடை. அங்கேதான் குடிதண்ணீர்க் குழாய், குப்பை டிரம், துணிக்கொடி எல்லாம். பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ். ஷிப்ட் முடிந்து வந்தால் துணி அலசிக்கொண்டோ தலை துவட்டிக்கொண்டோ அந்த நடையில்தான் நிற்பார்.

முதல் நாள் அளந்தபோது டேப்பு வீட்டாரை நிற்க வைத்து விதியைச் சொன்னாள்.

"அப்பா, சமையல் முடியற வரைக்கும் அண்ணியைக் கூப்பிடவே கூடாது."

"நான் எங்கம்மா கூப்பிடறேன்?" என்றார் அப்பா. அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அண்ணே, நீயும்தான்."

"நான் வாயே திறக்கல தாயே."

நான் சமையலறை மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து பலகையை மடியில் வைத்துக்கொண்டேன். டேப்பு சுவரோடு ஒட்டி நின்றாள். அண்ணிக்கு முதலில் வெட்கம். கேமரா முன்னால் நிற்கிற மாதிரி கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிறகு அடுப்பு பற்றியதும் எங்களை மறந்துவிட்டார். டேப்பு சொல்லத் தொடங்கினாள். "அடுப்பு. தொட்டி. அடுப்பு. அலமாரி. பின்கதவு. தொட்டி. பின்கதவு. ஹால். அடுப்பு. பின்கதவு." எனக்கு விரல் வலித்தது. ஒரு நூல்கண்டு தீர்ந்து இன்னொன்றை முடிச்சுப் போட்டேன். சமையல் முடிந்தபோது பலகை முழுக்க நூல். ஹாலுக்குப் போகிற வழியிலும் பின்கதவுக்குப் போகிற வழியிலும் கயிறு மாதிரி திரண்டிருந்தது.

அண்ணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "இவ்வளவும் நானா நடந்தேன்? இந்த நேரத்துக்கு எங்கம்மா வீட்டுக்கே போயிட்டு வந்திருக்கலாம் போலிருக்கே!"

எல்லோரும் சிரித்தோம். டேப்பு சிரிக்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தினமும் தன் கண் முன்னால் நடந்ததை அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள். "உங்களை இனிமே இப்படி நடக்க விடமாட்டேன் அண்ணி" என்றாள். வெறும் மதிப்பெண்ணுக்காகச் சொன்ன வார்த்தை இல்லை அது.

அறிக்கையில் நடையை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: தேவையான நடை, தவிர்க்கக்கூடிய நடை. ஹாலுக்குப் போனதில் பெரும்பகுதி இரண்டாவதில் விழுந்தது. பின்கதவுக்குப் போனது மொத்தமும் இரண்டாவதில் விழுந்தது. தோலைக் கொட்டப் போனது ஒரு தடவை, தண்ணீருக்கு ஒரு தடவை, துணி காய்ந்ததா என்று பார்க்க ஒரு தடவை, காய்ந்திருக்காது என்று தெரிந்தே மறுபடியும் ஒரு தடவை. அங்கே போன அண்ணி என்ன செய்தார் என்பதை ஸ்டூலில் இருந்தபடி நான் பார்த்தேன். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, நர்ஸ் சொல்லுகிற ஆஸ்பத்திரிக் கதையைக் கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆனால் பின்கதவுக்கு வெளியே என்ன நடந்தாலும் எங்கள் படத்தில் அது ஒரே ஒரு குண்டூசிதான்.

அடுத்த விடுமுறை நாளில் வேலை தொடங்கியது. அண்ணன் தன் டிரில்லைக் கொண்டுவந்து, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுச்சுவரில் ஒரு ஜன்னல் அளவுக்கு ஓட்டை போட்டார். சாப்பாட்டைச் சுற்றிக்கொண்டு தூக்கிப் போக வேண்டாம், அதன் வழியாகக் கொடுத்துவிடலாம். தொட்டிக்கு அடியில் மூடி போட்ட குப்பைக்கூடை வந்தது. தண்ணீர் சுத்திகரிப்பான் அடுப்புக்குப் பக்கத்தில் வந்தது. ஜன்னலில் துணி உலர்த்த ஒரு கம்பி. அடிக்கடி எடுக்கிற பாத்திரமெல்லாம் கைக்கு எட்டுகிற தூரத்துக்கு வந்தன. திரும்ப அளந்தபோது நூல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. கஞ்சி மேடம் அந்தப் பலகையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாததுதான் குறை. "இதுதான் குவார்ட்டர்ஸுக்குப் போகப்போகுது. எக்ஸாமினர் ஒரு தடவை நேர்ல வந்து அளந்து பார்த்துட்டா முடிஞ்சுது" என்றார்.

அறிக்கை எழுத நான் அந்த வீட்டுக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. சுவரில் போட்ட ஓட்டைக்கு அதற்குள் தனி வாழ்க்கை வந்துவிட்டது. அப்பா நாற்காலியை நகர்த்தி அதன் கீழேயே போட்டுக்கொண்டார். முன்பெல்லாம் அவர் கூப்பிட்டால் அண்ணி வந்து சேரச் சற்று நேரமாகும். அதற்குள் பாதி நேரம் அவருக்கே எதற்குக் கூப்பிட்டோம் என்று மறந்துவிடும். இப்போது தலையைத் திருப்பினால் போதும். "அம்மாடி, கண்ணாடி." "அம்மாடி, ஒரு வாய் டீ." அண்ணன் மத்தியானச் சாப்பாட்டுக்கும் வீட்டுக்கு வரத் தொடங்கினார். மிச்சமான நேரத்தை எடுத்துக்கொள்ள வீட்டில் ஆளா இல்லை? ஓட்டைக்குள் அண்ணியின் முகம் மட்டும் தெரியும்.

"டிக்கெட் கவுன்ட்டர் மாதிரி இருக்கு" என்றேன் ஒருநாள்.

"அடுத்தது யாரு, சில்லறையா குடுங்க" என்றார் அண்ணி. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "என் தங்கச்சி செஞ்ச வேலை. இவ இப்ப ராணி. இருந்த இடத்துலயே எல்லாம்."

ராணி அடுத்த தட்டை ஓட்டை வழியாக நீட்டினார். அவர் இளைத்தாரா, வாடினாரா என்றெல்லாம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பேச்சு குறைந்திருந்தது, அவ்வளவுதான். ஒருநாள் படியிறங்கும்போது நர்ஸ் என்னை நிறுத்தினார்.

"உங்க பிரெண்டோட அண்ணிக்கு என் மேல எதுவும் கோவமா?"

"இல்லியே. ஏன்?"

"பின்னாடி வர்றதே இல்ல. வந்தாலும் நிக்கறதில்ல. உள்ளேருந்து சத்தம் வந்துடுது, ஓடிடறாங்க."

இதை டேப்பிடம் சொன்னேன். அவள் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். "அதெல்லாம் அறிக்கைல வராது" என்று சொல்லி, தூரிகையைத் தண்ணீரில் அலசினாள். கொஞ்ச நேரம் கழித்து, "நர்ஸக்கா வேற என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

எக்ஸாமினர் வந்தார். வேறொரு பல்கலைக்கழகத்து ஆள். ஒல்லியானவர், எதற்கும் முகம் மாறாதவர். கஞ்சி மேடம் கூட வந்திருந்தார். ஹாலில் அப்பாவும் அண்ணனும் குளித்துத் தலைவாரி, பெண் பார்க்க வந்த வீட்டுக்காரர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். மேடமே அவர்களுக்கு விதியைச் சொன்னார். "அவங்களா சமையலை முடிக்கற வரைக்கும் யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. நாங்களும் பேச மாட்டோம்." அண்ணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

புதுப்பலகை, புது நூல்கண்டு. டேப்பு சுவரோரம், நான் ஸ்டூலில், மேடமும் எக்ஸாமினரும் படுக்கையறை வாசலில். அண்ணி அடுப்பைப் பற்றவைத்தார். அடுப்பு, தொட்டி, அடுப்பு, அலமாரி. நூல் சின்னச் சின்னதாய் நகர்ந்தது. மேடம் எக்ஸாமினரைப் பார்த்துப் புன்னகைத்தார்.

அண்ணி காய் நறுக்கினார். தோலைக் கையில் அள்ளினார். தொட்டிக்கு அடியில் இருந்த கூடையைத் தாண்டி, பின்கதவைத் திறந்து வெளியே போனார்.

டேப்பு அந்தக் கூடையைத் திரும்பிப் பார்த்தாள். சமைப்பவர் எங்கே போனாலும் சொல்லியாக வேண்டும், அதுவும் விதிதான். "பின்கதவு" என்றாள்.

அண்ணி திரும்பி வந்தார். உலையைப் பார்த்தார். சொம்பை எடுத்தார். பக்கத்திலேயே சுத்திகரிப்பான் இருக்க, குழாயடிக்குப் போனார். வெளியே நர்ஸின் குரல் கேட்டது. "அட, என்ன இது, வழி தெரிஞ்சுதா?" அண்ணி சிரித்த சத்தமும் கேட்டது. வெகுநேரம் கழித்து வந்து அடுப்பைத் தணித்துவிட்டு, ஒரு கரித்துணியை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனார். அதை அலசிக் கொடியில் போட்டார் போல. பிறகு அது காய்ந்ததா என்று பார்க்கப் போனார். அப்போதுதான் போட்ட, ஈரம் சொட்டுகிற துணி. "பின்கதவு" என்றாள் டேப்பு. "பின்கதவு. அடுப்பு. பின்கதவு." அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பேசினால் அளவு செல்லாது. ஹாலில் அண்ணன் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்து, எக்ஸாமினர் திரும்பியதும் தலையை இழுத்துக்கொண்டார். அண்ணி யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியில் சமையலை முடித்து, அடுப்பை அணைத்து, "ஆச்சு" என்றார். முகம் பளிச்சென்று இருந்தது.

நூலைப் பிரித்து அளந்தோம். எதுவும் மாற்றுவதற்கு முன்னால் எடுத்த முதல் அளவைவிட அதிகம்.

கீழே இறங்கும்போது படியில் மேடம் டேப்பின் தோளைப் பிடித்தார். "அவங்க பதட்டத்துல இருந்திருக்காங்க. விடு. இன்னொரு நாள் அளந்துக்கலாம், அதுக்கு இடம் இருக்கு. முன்னாடியே அவங்ககிட்ட நெலைமையைச் சொல்லி வை. புத்திசாலிதானே, புரிஞ்சுப்பாங்க." எக்ஸாமினரும் மறுக்கவில்லை. காலையில் பதில் சொல்வதாக டேப்பு சொன்னாள்.

நாங்கள் மேலே திரும்பி வந்தபோது அண்ணி பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நூல் நெறைய போயிடுச்சோ?" என்று என்னிடம் கேட்டார். நான் டேப்பைப் பார்த்தேன். டேப்பு, "பரவால்ல அண்ணி" என்று மட்டும் சொன்னாள். மேடம் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் மேடத்தின் அறையில் நானும் இருந்தேன். திரும்ப அளக்கப்போவதில்லை என்றாள் டேப்பு. மேடம் கத்தவில்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. "ஒரு வேளைச் சமையலுக்கு உள்ளயே நில்லுங்கன்னு உங்க அண்ணிகிட்ட சொல்றதுல உனக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டார்.

"சொன்னா நிப்பாங்க மேடம். அதான் கஷ்டம்."

"புரியல."

"எனக்காக நிக்கற அண்ணியை அளந்து, அந்த அளவுல குவார்ட்டர்ஸ் கட்டுவீங்க. அங்க குடிவர்ற அத்தனை பேரும் நிக்கணும். அவங்க யாருக்காக நிப்பாங்க?"

"நீ இந்த இடத்தை எவ்வளவு ஆசைப்பட்டேன்னு எனக்குத் தெரியும்" என்றார் மேடம்.

"ஆமா மேடம். ரொம்ப ஆசைப்பட்டேன்" என்றாள். அப்போதுதான் அவள் அழுதாள். அழுதுகொண்டே தன் முடிவை மாற்றாமல் நின்றாள்.

அறிக்கையில் கடைசி அளவை அப்படியே எழுதினாள். திட்டம் தோற்றது என்று எழுதினாள். பின்கதவுக்குப் போகிற நடையைத் தவிர்க்கக்கூடிய நடை என்று வகைப்படுத்தியது ஆய்வாளரின் பிழை என்றும் எழுதினாள். ஆய்வாளர் என்பது அவள்தான். நான் நூல் பிடித்தவள். எங்கள் இருவருக்கும் தேர்ச்சி மதிப்பெண் கிடைத்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆராய்ச்சி உதவியாளர் இடம் சோப்பு நுரையை ஆராய்ந்த பெண்ணுக்குப் போனது. குடியிருப்பையும் பிறகு கட்டி முடித்தார்கள். சுவரில் ஓட்டை வைத்த சமையலறை, பின்கதவு கிடையாது. யோசனை எங்கிருந்து போனது என்று யாருக்கும் தெரியாது. பின்கதவு வைத்தால் செலவு என்று பொறியாளர் சொன்னதாகக் கேள்வி.

தேர்வு முடிவு ஒட்டிய அன்று சாயங்காலம் டேப்போடு நானும் அவள் வீட்டுக்குப் போனேன். தனியாகப் போக அவளுக்குத் தைரியம் இல்லை. அண்ணி பின்னால் நடையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். விஷயம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. மேடம் அண்ணனுக்குப் போன் செய்து வருத்தப்பட்டிருக்கிறார்.

"திரும்ப அளக்கலாம்னு சொன்னாங்களாமே" என்றார் அண்ணி. "நீ வேணாம்னியாமே."

டேப்பு தலையை ஆட்டினாள்.

"யாரைக் கேட்டு வேணாம்னே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? உனக்காக ஒரு நாள் உள்ள நிக்க மாட்டேனா நான்? ஒரு நாள் என்னடி, வருஷம் முழுக்க நிப்பேன். உன் படிப்புக்காக இந்த வீட்டுல யார் யார்கிட்ட நான் பேசியிருக்கேன்னு தெரியுமா உனக்கு? கடைசில நானே கெடுத்தேன்னு ஆக்கிட்டியே!" துணியைக் கூடையில் வீசினார். எனக்குத் தெரிந்து அண்ணி குரலை உயர்த்தியது அன்று ஒருநாள்தான். நான் உள்ளே போய்விடலாமா என்று பார்த்தேன். எங்கே போனாலும் கேட்கும், அதனால் நின்றுவிட்டேன்.

"நீங்க கெடுக்கல அண்ணி. நான்தான் தப்பா அளந்தேன்."

"என்னத்தைத் தப்பா அளந்தே? நான்தானே பைத்தியம் மாதிரி நடந்தேன்."

"ஏன் அண்ணி நடந்தீங்க?" டேப்பு அதட்டவில்லை. அன்றுதான் முதல் தடவையாக அதைக் கேட்டாள். "கூடை உள்ளயே இருந்துச்சு. தண்ணி உள்ளயே இருந்துச்சு."

அண்ணி கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். கோபம் வடிந்துவிட்டது; பேச வெட்கப்படுகிறவர் போல விரலால் சுவரைச் சுரண்டினார்.

"உனக்குக் கெடுதல் வரும்னு அப்ப எனக்குத் தோணவே இல்லம்மா, சத்தியமா. அந்தம்மா சொன்னாங்கல்ல, முடியற வரைக்கும் யாரும் கூப்பிடக்கூடாதுன்னு. தோலைக் கையில எடுத்தேன். கதவு அந்தப் பக்கம் இருந்துச்சு. போனா இன்னிக்கு யாரும் கூப்பிட மாட்டாங்கன்னு தோணுச்சு. போனேன். நிஜமாவே யாரும் கூப்பிடல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதான் திரும்பத் திரும்பப் போனேன்."

டேப்பு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி விசும்பினாள். அண்ணி அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "போகுது விடு, போகுது விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அம்மாடி, கொஞ்சம் தண்ணி."

அண்ணி எழப் போனார். டேப்பு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி பாதி எழுந்தபடி அவளைப் பார்த்தார், உள்ளே பார்த்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"அம்மாடி." மறுபடியும் வந்தது. "யாரும் இல்லியா வீட்டுல?"

நாங்கள் மூவரும் மூச்சுக்கூட விடவில்லை. பிறகு நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது. ஊன்றுகோல் தரையில் தட்டியது, படுக்கையறையில் கட்டிலைச் சுற்றியது, மெதுவாகச் சமையலறைக்குள் வந்தது. டம்ளரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் ஒவ்வொரு அலமாரிக் கதவாகத் திறந்து பார்த்தார் போல. கடைசியில் சுத்திகரிப்பானின் குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.